புகைக்கூண்டின் அடியில்

ரத்தினம் நாலாவது தடவையாகக் கரண்டு போர்டில் டிரிப்பர் சுவிட்சைத் தூக்கிவிட்டார். டக்கென்று மறுபடி விழுந்தது. மின்விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஆக்சிஜன் மிஷின் ஒரு தரம் செருமிவிட்டுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"யப்பா, அதை நோண்டாதீக. நான் சிலிண்டருக்கு மாத்திட்டேன்" என்றாள் இந்து. அம்மாவின் மூக்குக்குப் போகிற குழாயின் மறுநுனியை மிஷினிலிருந்து பிடுங்கி, மூலையில் இருந்த சின்ன சிலிண்டரில் சொருகியிருந்தாள். "இது ஒரு மணி நேரந்தான் வரும்."

கட்டிலில் கனகலட்சுமி கண்ணை மூடியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை இரண்டும் ஏறி இறங்கின.

டிரிப்பர் இருந்த சுவரின் மறுபக்கம்தான் பால்கோவா கிண்டுகிற அடுப்படி. சுவருக்குள்ளேயே புகைக்கூண்டு மேலே ஏறிப் போகிறது. ஐப்பசி மழை பிடித்து மூன்று நாளாகிறது. முதல் நாள் சுவரில் கையகலம் ஈரம். இரண்டாம் நாள் அது போர்டு வரைக்கும் இறங்கியது. இன்று காலையிலிருந்து உத்தரத்தடியில் சொட்டவே செய்கிறது.

போர்டுக்குள் ஈரம் இறங்கினால் கரண்டு தன் வழியை விட்டுவிட்டு, ஈரத்தோடு சேர்ந்து மண்ணுக்குப் போகப் பார்க்கும். அப்படிக் கசிகிறதைக் கண்டுபிடித்து விழுவதற்குத்தான் டிரிப்பர். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அந்த வீட்டில் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

"அண்ணாச்சி!" ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கிருபாபாய் குடையோடு நின்றாள். தோளில் சுருட்டிய வயர். "எங்க வீட்டுலருந்து இழுத்துட்டேன். இந்தாங்க, பிடிங்க. மிஷின் சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்கு, ஒரு குரல் குடுக்க மாட்டீகளா?"

வயர் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்தது. மிஷின் மறுபடி ஓடியது. குழாயை இந்து இடம் மாற்றினாள். கனகலட்சுமியின் மூச்சில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

மதுரையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியிருந்தார். நுரையீரல் பாதிக்கு மேல் தழும்பு கட்டிப்போச்சு, புகைதான் காரணம் என்றார். இனி புகை வாசனையே ஆகாது என்றும் சொன்னார். முந்திரித்தோடு போட்டு எரிக்கிற அடுப்புக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்று பால் கிண்டியவள் அவள். கண்ணுச்சாமிக் கொத்தனாரைக் கூட்டிவந்து ரத்தினம் கூண்டு கட்டியதே பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். அதற்கு முந்தின பத்து வருஷப் புகை முழுக்க அவளுக்குள்தான் போயிருக்க வேண்டும். ஆவணிக் கடைசியில் டாக்டர் சொன்ன அன்றைக்கே ரத்தினம் வந்து அடுப்பை அணைத்தார். கடைக்காரர்களிடம் இனிமேல் கோவா இல்லை என்று சொல்லிவிட்டார்.

"எத்தனை மழை பாத்துருக்கு இந்த வீடு" என்றார் இப்போது, சுவரைப் பார்த்துக்கொண்டே. "ஒரு சொட்டு எறங்குனதில்ல. இந்த வருசம் மட்டும் என்ன?"

"வந்து... உக்காருங்க" என்றாள் கனகலட்சுமி.

"மேல மூடிக்கல்லு ஒடைஞ்சிருக்கும். நேரா உள்ள கொட்டுது. ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிட்டா நின்னுரும்."

"செவரு... எங்கயும் போயிராது." இரண்டு மூச்சு வாங்கினாள். "செத்த நேரம்... இங்கன இருங்க."

இந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் அதைக் கவனித்தார். கட்டிலோரத்தில் உட்காரவும் செய்தார். கனகலட்சுமியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நகம் நீலமாக இருந்தது. அதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மிஷினின் முள் எவ்வளவில் நிற்க வேண்டுமோ அவ்வளவில்தான் நின்றது. குழாயில் மடிப்பில்லை. பாட்டிலில் தண்ணீர் குமிழி விட்டது. எல்லாம் சரியாக இருந்தும் அந்தத் தோள்பட்டை ஏறி இறங்கியது. பின்னால் சுவரில் சொட்டுச் சத்தம்.

"பத்து நிமிசம்" என்று எழுந்தார். "போட்டுட்டு ஓடியாரேன்."

கனகலட்சுமி உதட்டை ஒரு பக்கமாக இழுத்தாள். "போங்க, போங்க... இன்ஜினீயரு."

மாடியில் தூறல்தான். தார்ப்பாயை இடுக்கிக்கொண்டு, ஏணியைச் சாய்த்து ஏறிப் பார்த்தார். மூடிக்கல் உடையவில்லை. நாலு கால் மேல் வைத்த கடப்பாக்கல் வைத்தபடி கிடந்தது. கையை உள்ளே விட்டுத் தடவினார். மேல் பாகம் காய்ந்தே இருந்தது.

அப்படியென்றால் தண்ணீர் மேலே நுழையவில்லை.

இறங்கி, கூண்டைச் சுற்றிக் குனிந்தபடி வந்தார். கிழக்குப் பக்கம், கூண்டும் தளமும் சேருகிற மூலையில், சிமெண்டுப் பூச்சு தளத்தை விட்டு விலகியிருந்தது. ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவு இடைவெளி. தேங்கியிருந்த தண்ணீரைக் கையில் அள்ளி அங்கே ஊற்றினார். களக்கென்று உள்ளே போனது. இன்னொரு கை ஊற்றினார். அதுவும் போனது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூண்டு பகலெல்லாம் சூடேறி விரியும், ராத்திரி ஆறிச் சுருங்கும். தளம் அசையாது. ஒன்று அசைய, ஒன்று அசையாமல் நிற்க, நடுவிலிருந்த பூச்சு விட்டுக்கொடுத்திருக்கிறது. இந்த வருஷம் இல்லை, எப்போதோ. தண்ணீரும் வருஷா வருஷம் இறங்கித்தான் இருக்கும். ஆனால் கீழே அடுப்பு எரிந்தது. செங்கல் குடித்ததையெல்லாம் சூடு அன்றன்றைக்கே உறிஞ்சி ஆவியாக்கி மேலே அனுப்பியது. அடுப்பு அணைந்ததும் கூண்டு குளிர்ந்துபோனது. குடித்த தண்ணீருக்குப் போக வேறு வழியில்லை.

எவ்வளவு நேர்த்தி! ஒரு விரிசல் பன்னிரண்டு வருஷம் நெருப்புக்குப் பயந்து ஒளிந்திருக்கிறது. அவரையறியாமல் முகம் மலர்ந்தது. இதை இப்போதே லெட்சுமியிடம் சொல்ல வேண்டும். மோட்டார் ஏன் இரைகிறது, குக்கர் ஏன் விசில் அடிக்கவில்லை என்று அவர் விளக்கும்போதெல்லாம் அவள் பாலைக் கிண்டிக்கொண்டே 'ம்' கொட்டுவாள். முடிவில், "போதும், அடிபிடிக்கப் போவுது, தள்ளுங்க" என்பாள்.

சாக்கை விரிசலில் திணித்து, தார்ப்பாயை விரித்து, நாலு செங்கல்லைத் தூக்கி வைத்தார். படியில் இறங்கும்போதே குரல் கொடுத்தார்.

"லெட்சுமி, கண்டுபிடிச்சிட்டேன்! மூடி இல்லட்டி, அடிக்கட்டு. கூண்டும் தட்டோடும் சேருற எடம்—"

வாசற்படியில் கிருபாபாய் நின்றாள். அவரைக் கண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வழி விட்டாள்.

இந்து அம்மாவின் தாடையைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மிஷினை அணைத்திருந்தார்கள். கனகலட்சுமியின் தோள்பட்டை இறங்கிய இடத்திலேயே இருந்தது.

"இப்பந்தாம்ப்பா" என்றாள் இந்து. "நீங்க எங்கன்னு கேட்டா. மேல இருக்காகன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டுனா." பிறகு, "நான் வந்து கூப்பிட்டிருக்கணும். கையை விடமாட்டேன்னுட்டா" என்றாள்.

ரத்தினத்தின் சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்தது. துணி கொண்டுவருவதற்கு யாரோ உள்ளே ஓடினார்கள்.

நாலு மணிக்கு மழை விட்டது. வத்திராயிருப்பிலிருந்து கனகலட்சுமியின் அக்காள் குருவம்மாள் வந்து இறங்கி, வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டாள். தெருவில் பந்தலுக்குக் குழி தோண்டினார்கள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. வருகிறவர்கள் ரத்தினத்தின் கையைப் பிடித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

கண்ணுச்சாமிக் கொத்தனாரும் வந்தார். கையைப் பிடித்தார், உடலைக் கும்பிட்டார், சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அவர் கண் தானாகவே உத்தரத்தடிக்குப் போனது. ஈரம் இறங்கிய தடத்தை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். மழை விட்டும் அது நிற்கவில்லை. செங்கல் குடித்ததைக் கக்கி முடிக்க இன்னும் இரண்டு மூன்று நாளாகும்.

ரத்தினத்தின் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்: "நாம கட்டுனதாச்சே அண்ணாச்சி. எங்கருந்து எறங்குது? மூடியிலயா?"

ரத்தினம் சுவரைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"தெரியலப்பா" என்றார்.

பிறகு எழுந்துபோய், கண்ணுச்சாமியை எழும்பச் சொல்லி, அந்த நாற்காலியைச் சொட்டு விழாதபடி ஒரு முழம் தள்ளிப் போட்டார்.