மாதா பிள்ளையைக் கைமாற்றிய கதை

2004ஆம் ஆண்டு வைகாசியில், பேராலய அருங்காட்சியகத்து மரமாதா தன் கைக்குழந்தையை, பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து பார்க்க வந்த புஸ்பவதியிடம் கொடுத்துவிட்டு, காவலாளியின் கதிரையில் உட்கார்ந்து நித்திரையாகிப் போனார். சியேனா நகரத்துத் தச்சன் செதுக்கிய நாள்முதல் எழுநூறு வருடம் ஒரே கையில் பிள்ளையோடு நின்றவர், அசந்து போகமாட்டாரா? பிள்ளையோடு நிற்கிற பெண்ணைக் கண்டால் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் ஆட்களின் பழக்கம், கலியாண வீடோ பஸ் தரிப்போ. கலியாணமாகிப் பதினாறு வருடம் மடி வெறுமையாக இருந்த புஸ்பவதிக்கு அது வியாதியாகவே முற்றியிருந்தது. புருஷன் அந்தோனிப்பிள்ளை தங்கமுலாம் ஓவியங்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்க, இவர் தடுப்புக் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி, "பாவம், கை உளையுமெல்லே, இஞ்ச தாங்கோ அக்கா பிள்ளையை" என்றார். மரம் நெறுநெறுவென்றது. மாதா தந்துவிட்டார்.

அலாரம் அலறியது. அருங்காட்சியக இயக்குநர் அம்மா ஓடிவந்து பிள்ளையை இழுத்துப் பார்த்தார். பிள்ளை புஸ்பவதியின் தாலிக்கொடியைப் பற்றிக்கொண்டு வீரிட்ட வீரிடலில், ஓவியங்களிலிருந்த அப்போஸ்தலர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். காப்புறுதிக்காரர் தீக்கும் திருட்டுக்கும் விதி உண்டு, தாயே கொடுத்ததற்கு இல்லை என்றார். சிறுவர் நல அலுவலகமோ டெர்மின் என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்து வரவழைத்து, பதினெட்டு வயதைத் தாண்டியவர் விடயத்தில் தாங்கள் தலையிடுவதில்லை என்று கையை விரித்தது. பிள்ளை பீலெஃபெல்டுக்கு ரயிலேறியது.

புஸ்பவதிக்குச் சந்தோசம் ஒரு கண், பயம் மறு கண். "இஞ்சரப்பா, மாதா எழும்பிக் கேட்டா என்ன செய்யிறது?"

"குடுக்கத்தானே வேணும். அவவின்ர பிள்ளையெல்லே" என்றார் அந்தோனிப்பிள்ளை, மறுபக்கம் திரும்பி மூக்கைச் சிந்தியபடி.

கோடை முடியத்தான் மாதா கண்விழித்தார். புஸ்பவதி பிள்ளைக்குப் பவுடர் பூசி, கன்னத்தில் கரும்பொட்டு வைத்து, கொண்டுபோய் நீட்டினார். மாதா வாங்கினார், உச்சி முகர்ந்தார், கரும்பொட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கையை உதறி நெட்டி முறித்துவிட்டு, பிள்ளையைத் திருப்பித் தந்தார். புஸ்பவதி அங்கேயே நிலத்தில் உட்கார்ந்து அழுதார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை தாயிடம், மற்ற நாட்களில் பீலெஃபெல்டில். தமிழ்ப் பூசைக்கு வருகிற பெண்கள், "இன்னும் ஒண்டுமில்லையோ?" என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.

"என்ன புஸ்பம், பிள்ளை வளரக் காணேல்லை, வடிவாச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்றுதான் கேட்கிறார்கள். எல்லாத் தாய்மாரையும் போலவே புஸ்பவதியும் அவர்களோடு சண்டைக்குப் போகிறார்.