மூன்றாவது கயிற்றில் ஒரு சட்டை

டிராம் வண்டி ஓடத் தொடங்கிய வருடம் உலரப் போட்ட என் அண்ணன் சேதுபதியின் வெள்ளைச் சட்டை, பதினொரு வருடம் ஆகியும் காயவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், எருமைக் கொட்டகைகளைத் தாண்டி, ஓடைக்கரையில் மூன்றாவது கயிற்றில் அது தொங்குகிறது. அடியில் வைத்த குடம் நண்பகலுக்குள் நிறைந்துவிடும். அந்தத் தண்ணீரில் அம்மா கீரை போட்டிருக்கிறாள். கட்டு ஒரு காசு.

அப்பா பரமசிவமும், அம்மாவின் அண்ணன் இராமசாமி மாமாவும் அந்தக் கரையில் துணி வெளுப்பவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மூன்றாவது கயிறு யாருடையது என்ற வழக்கில் ஆறு வருடமாகப் பேச்சு நின்றுபோயிருந்தது. அவசியமானால் கயிறு கட்டிய தூணிடம் பேசுவார்கள்.

“ஏ தூணே, அந்த ஆளு வேட்டியெல்லாம் எம்பக்கம் பறக்குது. சொல்லி வை” என்பார் மாமா.

“பறக்க விடுறது காத்து. காத்துமேல பிராது குடுக்கச் சொல்லு தூணே” என்பார் அப்பா.

“நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். ரெண்டு பேருக்கும் தூணுதான் கண்ணுக்குத் தெரியுது!” என்பாள் அம்மா.

வெள்ளாவி அடுப்பை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு வீட்டுத் துணியும் ஒன்றாக அவியும். பிறகு குறி பார்த்துப் பிரிப்போம். கழுத்துப்பட்டையின் உட்புறம் சேங்கொட்டை மையால் இட்ட குறி, துணி கிழிந்தாலும் போகாது. எங்களுக்கு மூன்று புள்ளி, மாமா வீட்டுக்குச் சூலம். பதினாறு வயதில் அண்ணன் எங்கள் துணிகளில் சூலம் போட ஆரம்பித்தான். அவை மாமா வீட்டு மூட்டைக்குப் போகும்; அவன் கேட்டு வாங்கப் போவான்; எடுத்துக் கொடுப்பவள் மாமா மகள் கண்மணி. அவளுக்குப் பதினைந்து.

“என்னா மச்சான், துரைசானி பாவாடையா தேடுற? இந்தா, இடுப்பு உனக்குச் சரியாத்தான் இருக்கும்.”

அடுத்த வாரம் அவள் தங்கள் துணிகளில் மூன்று புள்ளி வைத்தாள். இந்தக் குழப்பத்தில் ஒரு பாதிரியாரின் அங்கி கள்ளுக்கடைக்காரருக்குப் போனது. அவர் அதை அணிந்துகொண்டே ஒரு வாரம் கள் ஊற்றினார். விற்பனை கூடியதாகச் சொன்னார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் தன் சொந்தச் சட்டையில் சூலம் போட்டான். இதை உடுத்துபவன் உங்கள் வீட்டவன் என்பதுதான் அதற்கு அர்த்தம். கண்மணி அதைத் துவைத்து, எல்லோரும் பார்க்க, மூன்றாவது கயிற்றிலேயே போட்டாள். மாமா வந்து கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தூணிடம் சொன்னார்:

“சட்டை காயட்டும். காஞ்சதும் போட்டுக்கிட்டு வந்து முறையா கேக்கச் சொல்லு. பொண்ணு தர்றேன்.”

நல்ல வெயில். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் அண்ணனுக்கு வாந்திபேதி கண்டது. பாயில் கிடந்தபடி என்னை அனுப்பிக்கொண்டே இருந்தான். நான் ஓடிப்போய்க் கழுத்துப்பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

“காஞ்சிருச்சா?”

“இன்னும் இல்லண்ணே.”

காய்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்பது வயது. பொய் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் காலை அவன் போய்விட்டான்.

பங்குனி வெயிலிலும் சட்டை காயவில்லை. அடுப்புப் புகையில் கட்டினார்கள். இஸ்திரிப் பெட்டி வைத்தார்கள், கரிதான் அணைந்தது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, நோட்டில் ‘ஈரம்’ என்று எழுதிக்கொண்டு போனார். கண்மணியைப் பெண் கேட்டு நாலு பேர் வந்தார்கள். “நீங்க குடுத்த வாக்குப்பா. காயட்டும்” என்றாள். மாமா நாலு பேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். இன்றும் தினம் காலையில் அவள் அதைப் பிழிந்து, உதறி, கழுத்துப்பட்டையை வெயில் பக்கம் திருப்பிப் போடுகிறாள்.

மூன்றாவது கயிற்றுக்கு இப்போது யாரும் உரிமை கொண்டாடுவதில்லை. தூணிடமும் யாரும் பேசுவதில்லை. வானம் இருட்டினால் அப்பாவும் மாமாவும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

“சீக்கிரம் எடுங்க மச்சான், சட்டை நனைஞ்சிடப் போவுது!” என்று மாமா கத்துகிறார். கண்மணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.