மூக்குவரை வந்த மூலக்கூறுகள்

காய்ச்சல் விட்டு நான்கு மாதமாகியும் விஜயகலாவுக்கு வாசனை திரும்பவில்லை. வெளியே சொல்லப் பயம். இலங்கையின் ஓப்பநாயக்க ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்துப் பரப்பிய கொழுந்து பதமாகிவிட்டதா என்று முகர்ந்து சொல்வதுதான் அவள் வேலை. நிறத்தைப் பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு ஸ்டெபானி. தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, விஜயகலா அருகிலேயே சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"மணக்கலையா ஒனக்கு?"

"எதுவுமே மணக்கலடி. வாசமெல்லாம் எங்கயோ போயிருச்சு."

"எங்கயும் போகல. வாசம்ங்கிறது மூலக்கூறுங்க. அணுவெல்லாம் கைகோத்துக்கிட்டு, பாலுலருந்தும் கொழுந்துலருந்தும் கெளம்பிப் பறக்குது. ஒன் மூக்குக்குள்ளயும்தான் வருது. ஒனக்குத்தான் தெரியல."

மறுநாள் தொழிற்சாலையில் கொழுந்து பரப்பியிருந்த ஈரமான கூடத்தில் நின்றபோது விஜயகலாவுக்கு ஸ்டெபானி சொன்னது கண்ணுக்கே தெரிவது போலிருந்தது. சிவந்துவரும் கொழுந்திலிருந்து கோடி கோடியாய் எழுந்து, கைகோத்தபடி மெல்லச் சுழன்று, அவள் கன்னத்தையும் தலைமயிரையும் உரசிக்கொண்டு அவை போயின. அவள் கண்களை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, திறந்தபோது கொழுந்து கறுத்துப் பதம் தப்பியிருந்தது.

தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் றிஸ்மி ஓடி வந்தார். இனி மறைக்க முடியாது. உள்ளதைச் சொன்னாள்.

"நாலு மாசமாவா?" அவருக்குக் கோபம் வந்து அடங்கியது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நிறத்த நீங்க பாருங்க, மணத்த நான் பாக்கிறேன்."

அந்தச் சனிக்கிழமை பலாங்கொடையில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, வெயிலில் காய்ந்த ரோட்டில் சடசடவென்று மழை விழுந்தது. ஜன்னல் வழியே ஏதோ ஒன்று வந்து அவள் மூக்கைத் தொட்டது. முதலில் அது என்னவென்றே புரியவில்லை. பிறகு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மண்! நனைந்த மண்!

விசும்பி விசும்பி அழுதாள். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா பதறிப்போய், "மொகத நங்கி?" என்ன தங்கச்சி என்று தோளைத் தொட்டாள்.

"வெஸ்ஸே சுவந்த," என்றாள் விஜயகலா. மழை வாசம்.

அந்த அம்மா ஜன்னலைச் சாத்தப்போன கையை இழுத்துக்கொண்டாள். இருவரும் நனைந்தபடியே வந்தார்கள்.

திங்கட்கிழமை கொழுந்தில் குனிந்து பார்த்தாள். ஒன்றும் மணக்கவில்லை. றிஸ்மியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னும் இல்லீங்கய்யா. ஆனா வரும்."