வீட்டில் இருப்பவர்: ஒருவர்

வெள்ளவத்தையில் மரம் வெட்டிப் பிழைக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எங்கே மரம், எல்லாம் ஃபிளாட்தானே என்பார்கள். அந்த ஃபிளாட்டுகளுக்கு இடையில் அகப்பட்டு, கொப்பு நீட்ட வழியில்லாமல் நிற்கிற மரங்கள்தான் என் சோறு. மாங்கொப்பு பக்கத்து வீட்டுக் கூரையில் உரசும், தேங்காய் காரின் மேல் விழும், பலா வேர் மதிலைப் பிளக்கும். உடனே எனக்குப் போன் வரும். விவசாயக் கந்தோரில் இருபத்தேழு வருடம் கோப்புக் கட்டிய நமசிவாயம் நான். ஓய்வுபெற்ற பிறகு ஒரு நீளக் கயிறும் மரமறுக்கிற வாள் இரண்டும் ஏணியும் வாங்கி இந்தத் தொழிலைத் தொடங்கினேன். மரத்தில் ஏறுவது நானல்ல. ஏணியின் நாலாம் படியிலேயே எனக்குத் தலை சுற்றும். ஏறுவது செபமாலை.

செபமாலைக்கு முப்பத்தெட்டு வயது, ஊர் மன்னார். கொப்பைத் தட்டிப் பார்த்தே உள்ளே உக்கலா இல்லையா என்று சொல்லிவிடுவான். அவனும் மனைவி பிறிஜெற்றும் ஒரு வருடமாக என் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். சமையலும் அவள்தான். அந்தத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணியில் அவளுக்கு ஏழு மாதம்.

இனி என் களவைச் சொல்கிறேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது. பதிவில்லாத தமிழன் பிடிபட்டால் உள்ளேதான், எப்போது வெளியே வருவான் என்று ஒருவருக்கும் தெரியாது. என் படிவத்தில் 'வீட்டில் இருப்பவர்: ஒருவர்' என்று எழுதிக் கொடுத்தேன். மனைவி நாகேஸ்வரி மகளோடு ரொறொன்ரோவில் இருந்தாள். நானும் அங்கே போக ஸ்பொன்சர் போட்டாகிவிட்டது, மிச்சம் என் மேல் குற்றம் இல்லை என்கிற பொலிஸ் ரிப்போர்ட் ஒன்றுதான். சண்டை நடக்கிற மன்னார்ப் பக்கத்து ஆட்களை வைத்திருக்கிறேன் என்று எழுதினால் நூறு கேள்வி வரும், ரிப்போர்ட் கெட்டுப்போகும் என்று பயந்தேன்.

"ரிப்போட் வரட்டும் செபமாலை, வந்த உடன உங்களையும் பதிவம்" என்றேன். எட்டு மாதமாக அதையே சொன்னேன். "ஐயா பாத்துச் செய்வார்" என்று அவன் பிறிஜெற்றிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டும் படிவத்தை மாற்றவில்லை.

அதனால் எங்கள் தொழில் வீட்டைச் சுற்றியுள்ள ஆறு சின்ன ஒழுங்கைத் தெருக்களுக்குள் சுருங்கிப்போயிற்று. ஹெவ்லொக் டவுனில் ஒரு பெரிய வளவு முழுக்கத் துப்புரவாக்கக் கேட்டார்கள். இடையில் அட்டை பார்க்கிற ஆமிச் சென்றி இருந்தது, வேண்டாம் என்றேன். இரத்மலானையில் பன்னிரண்டு தென்னைகள், அதற்கும் வேண்டாம். காலி வீதியைத் தாண்டாமல், கடற்கரை ரெயில் பாதைக்கும் போகாமல், வாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இரண்டு சென்றிகளுக்கு நடுவில் வேலை செய்தோம். சில மரங்களை மூன்று மாதத்தில் இரண்டாம் தரமும் கழித்தோம். "ஐயா, இனி இந்த மரத்தில கழிக்க என்ன கிடக்கு? இலையை எண்ணித்தான் வெட்ட வேணும்" என்று செபமாலை சிரிப்பான்.

அன்று ஐறீன் மிஸியின் மாமரம். ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர் அவ. தடித்த கொப்பு ஒன்று பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே போய்ப் படுத்திருந்தது. இப்படியான கொப்பை வெட்டி விழுத்த முடியாது. கயிற்றால் கட்டி, கயிற்றை மேலே கொப்பு பிரிகிற கவரில் போட்டு, மற்ற நுனியை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒருவன் கீழே பிடித்திருக்க வேண்டும். மேலே வெட்ட வெட்ட, கீழே பிடித்தவன் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். அந்த வேலை என்னுடையது.

கொப்பு பாதி அறுபட்டிருந்தபோது ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் ஆமி ட்ரக் விட்டு மறித்தது. வீடு வீடாகச் செக்கிங். கயிற்றை விடவும் முடியாது, போய் ஒளிக்கவும் முடியாது, மேலே நிற்கிறவனை இறக்கவும் முடியாது. பொலிஸ் சார்ஜன்ட் ஒருவன் கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். என் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து அவனே எடுத்துப் பார்த்தான். பிறகு அண்ணாந்தான்.

"கஹே இன்னே கௌத?"

மரத்தில் இருப்பவன் யார் என்று கேட்கிறான். அவனுக்குப் பதிவு இருக்கிறதா, எங்கே தங்குகிறான், உன்னோடா என்று சிங்களத்தில் அடுக்கினான். என்னோடுதான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். படிவத்தில் பொய் எழுதினதற்கு என்னையும் ட்ரக்கில் ஏற்றுவார்கள். ஆனால் முதலாளி பொறுப்பு நிற்கிறான் என்று அவனை விடவும் கூடும். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. யோசிக்கவில்லை. என் வாய் முந்திக்கொண்டது.

"தெரியாது மாத்தயா. காலமை சந்தியில நிண்டவன். நாட்கூலிக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

சார்ஜன்ட் அதைக் கொப்பியில் எழுதினான். செபமாலைக்குச் சிங்களம் விளங்கும். மேலே வாள் சத்தம் நின்றது. பிறகு அவன் குரல் வந்தது.

"கயிறை இறுக்கிப் பிடியுங்கோ ஐயா. மிச்சத்தையும் வெட்டுறன்."

சார்ஜன்ட் தலைக்கு மேலே தொங்கிய கொப்பைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். முடித்துவிட்டு இறங்கட்டும் என்றான். செபமாலை ஒரு ஓடு உடையாமல் வேலையை முடித்தான். இறங்கி வந்து இடுப்புப் பட்டியைக் கழற்றி என் கையில் தந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ட்ரக்கில் ஏறப் போய்விட்டான். சார்ஜன்ட் கொப்பியை நீட்ட, நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்தேழு வருடம் கையெழுத்துப் போட்ட கை அல்லவா, எழுத்துக் கோணவில்லை.

இரவு முழுக்க நித்திரை இல்லை. ஐறீன் மிஸி வீட்டில் செக்கிங், அகப்பட்டுப்போனான் என்று மட்டும் பிறிஜெற்றிடம் சொன்னேன். விடிந்ததும் உண்மையைச் சொல்லி அவனை எடுத்துக்கொண்டு வருவது என்று முடிவுகட்டிப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அதே சார்ஜன்ட் மேசையில் இருந்தான். அந்த ஆளைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று தொடங்கினேன். அவன் கொப்பியைப் புரட்டி என் வாக்குமூலத்தை வாசித்தான். இதில் பொய் உண்டா, உண்டென்றால் இப்போதே சொல், பொலிஸை அனுப்பி வீட்டைச் சோதிக்கிறேன் என்றான்.

வீட்டில் பிறிஜெற் இருந்தாள். அவளும் படிவத்தில் இல்லை.

நான் வாசல் பக்கம் திரும்பியதைப் பார்த்துச் சார்ஜன்டுக்குச் சந்தேகம். செபமாலையைக் கூண்டிலிருந்து கூப்பிட்டான். நேற்றைய சட்டை, அதில் மாம்பால் கறை, காலில் செருப்பில்லை. இவரைத் தெரியுமா என்று சார்ஜன்ட் கேட்டான்.

செபமாலை என்னை ஒருதரம் பார்த்தான்.

"தன்னே நே" என்றான். "சந்தியில கண்டது. தெரியாது."

அவன் யாருக்காக அதைச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். எனக்காக அல்ல.

அப்படியென்றால் நீ எதற்கு வந்தாய் என்று சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினான். என் வாய் மறுபடியும் முந்திக்கொண்டது. என் பொலிஸ் ரிப்போர்ட் என்னவாயிற்று என்று கேட்க வந்தேன் என்றேன். செபமாலை நிற்கும்போதே சொன்னேன். சார்ஜன்ட் வேறொரு கோப்பைப் பார்த்தான். "அது போன கிழமையே அனுப்பியாச்சே. உன் மேல் ஒன்றும் இல்லை" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது பிறிஜெற் கேற்றடியில் நின்றாள். அவன் கட்டுகிற சாரம், சவர்க்காரம், ஒரு பிஸ்கட் பக்கற், எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்திருந்தாள்.

"ஐயா, அவர் எங்கட ஆள் எண்டு சொன்னனீங்கள்தானே?"

இன்னொரு பொய்க்கு எனக்குத் திராணி இல்லை.

"இல்லைப் பிள்ளை. நேற்றே தெரியாது எண்டு சொல்லிக் கையெழுத்துப் போட்டிட்டன். இண்டைக்கு அவனும் என்னைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டான்."

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் திறந்தாள். ஒழுங்கை முனையில் சென்றி தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேற்றைச் சாத்திவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

மறுநாள் காலையிலும் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தவள் பிறிஜெற்தான். அவள் வேறு எங்கே போவாள்?