மூலையில் ஆரஞ்சுத் தேதி

“நீ வந்திருக்கியா, வரலையா?”

பதினோராம் வகுப்பு பி பிரிவில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெரூஷாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே ஜீவரத்தினம் சார் இப்படிக் கேட்டார். மற்ற வகுப்பாசிரியர்களுக்கு ‘ப்ரெசென்ட் சார்’ போதும். தமிழாசிரியரான அவருக்கு ‘உள்ளேன் ஐயா’ வேண்டும். அதுவும் அவர் காதில் விழ வேண்டும். ஜெரூஷா தினமும் சொல்லத்தான் செய்தாள். ஆனால் அவள் குரல் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் தலைக்கு மேல் கடகடவென்று சுற்றும் மின்விசிறி அதைப் பாதி நாள் விழுங்கிவிடும். குரல் வராதவர் வராதவரே என்பது சாரின் இலக்கணம். அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு சிவப்புச் சுழி விழும். மற்ற ஆசிரியர்கள் வந்து அவளுக்குப் பாடம் நடத்துவார்கள், கேள்வி கேட்பார்கள், திட்டுவார்கள். பதிவேடு மட்டும் அவர்கள் வேலை இல்லை.

ஒரு வாரம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. ஜெரூஷா வீட்டில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருந்ததால் படம் எடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும்போது அம்மா அமலராணி வாங்கிய வெள்ளி நிறக் கேமரா அது. அந்தத் திங்கட்கிழமை காலை சார் பெயர் வாசித்தபோது ஜெரூஷா ‘உள்ளேன் ஐயா’ என்று சொன்னாள். கேட்கவில்லை. வாய் செய்யாததை விரலாவது செய்யட்டும் என்று கேமராவைத் தூக்கி ஃப்ளாஷோடு ஒரு படம் எடுத்தாள்.

“யாருடா அது, க்ளாஸ்ல மின்னல் வெட்டுறது?” என்றார் சார், கண்ணைக் கசக்கிக்கொண்டே. கசக்கிய கையாலேயே சுழியும் போட்டார்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஐந்து நாளும் அதே பெயர், அதே மின்னல், அதே சுழி. அடுத்த வாரம் வீட்டுக்குக் கடிதம் வந்தது. ‘தங்கள் மகள் அக்டோபர் 10 முதல் 14 வரை தொடர்ந்து ஐந்து நாள்கள் பள்ளிக்கு வரவில்லை.’

“அஞ்சு நாள் எங்க போன?” என்றார் அப்பா அந்தோணிசாமி.

“ஸ்கூலுக்கு.”

அப்பாவுக்குக் கேட்டது. நம்பத்தான் முடியவில்லை. முத்திரை குத்திய தாளுக்கு முன்னால் ஒரு முணுமுணுப்பு எத்தனை நேரம் நிற்கும்? ‘சாட்சி இருக்கா’ என்று யாராவது கேட்டிருந்தால் கேமராவை எடுத்துக் காட்டியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. வரவில்லை என்று ஊரே சொல்லும் இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று அந்த மாதத்தோடு பள்ளிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

கண்காட்சிப் படங்கள் இருந்த மெமரி கார்டை வகுப்புத் தலைவி வாங்கிப் போனாள், திரும்பித் தரவில்லை. அந்த ஐந்து படங்கள் மட்டும் காலையில் கார்டு போடுவதற்கு முன்பே எடுத்தவை, கார்டில் இல்லை. கேமராவின் சொந்த வயிற்றுக்குள் இருந்தன. அவற்றை வெளியே எடுக்கும் கேபிள் எப்போதோ தொலைந்துவிட்டது. இப்போதும் அவள் பீர்க்கன்கரணை ஏரிக் கொக்கையும் எதிர்வீட்டு ஆட்டோவையும் படம் எடுப்பாள். இடம் நிறைந்தால் கொக்கை அழிப்பாள், ஆட்டோவை அழிப்பாள். ஐந்து நாளை மட்டும் தொட மாட்டாள்.

இப்படி மூன்று வருஷம் போன பிறகு, அண்ணன் பிரிட்டோ ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினான்.

வாங்கினான் என்று ஒரு வார்த்தையில் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். நான்கு மாதம் யூடியூப் பார்த்து, தூக்கத்தில் சென்சார் சென்சார் என்று பிதற்றி, அதன் பிறகு வாங்கினான். அந்தக் கம்பெனி செய்வதிலேயே சின்ன மாடல் அதுதான். ஆனால் அதோடு வந்த பையில் ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைக்கலாம். பெட்டியைப் பிரித்ததை வீடியோ எடுத்தான். எடுத்தது எதில் என்று கேட்காதீர்கள், செல்போனில்தான். அன்றிலிருந்து வீட்டில் அவன் பேசும் முறையே மாறிவிட்டது. “ஹாய் மக்களே, இன்னிக்கு நாம பார்க்கப் போறது...” என்று சொல்லித்தான் இட்லித் தட்டையே திறப்பான்.

தங்கையின் கேமராவைப் பார்த்தால் அவனுக்கு இளக்காரம். “பத்து மெகாபிக்சல், பேட்டரி மூடி நிக்க ரப்பர் பேண்டு. பட்டனை அமுக்கினா அரை நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் எடுக்குது. எல்லாத்துக்கும் மேல மூலையில ஒரு ஆரஞ்சுத் தேதி! போட்டோவா அது? பால் பாக்கெட்டு.”

அரை நிமிஷம் இல்லை, அரை நொடி. ஜெரூஷா அதைத் திருத்தவில்லை.

அப்புறம்தான் அவனுக்கு ஒரு செய்தி எட்டியது. காலேஜ் பிள்ளைகளெல்லாம் இந்தப் பால் பாக்கெட் கேமராவைத் தேடி அலைகிறார்களாம். பழைய கேமராவில் எடுத்தால் படத்தில் ஒரு ‘வைப்’ வருகிறதாம். கேமரா விற்பனைக்கு என்று அவன் இன்ஸ்டாகிராமில் போட்டதற்கு, முடிச்சூரிலிருந்து சினேகா என்றொரு பெண், ‘டேட் வருமா ப்ரோ? டேட் வந்தா கண்டிப்பா எடுத்துக்கறேன்’ என்று கேட்டிருந்தாள். அந்த ஆரஞ்சுத் தேதிமேல் பிரிட்டோவுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டான்.

“அது என்னுது,” என்றாள் ஜெரூஷா.

“என்ன சொன்ன?”

அவள் மறுபடி சொல்லவில்லை. அம்மா அடுக்களையிலிருந்து, “ஏன்டா, அவகிட்ட இருக்கிறதே அது ஒண்ணுதானேடா,” என்றாள்.

“சரி, நியாயமா ஒரு போட்டி வச்சுக்கலாம்,” என்றான் பிரிட்டோ. “ஞாயித்துக்கிழமை ஜீவரத்தினம் சார் போட்டோ எடுக்க வர்றாரு. ரெண்டு கேமராலயும் எடுப்போம். அதையே ‘மிரர்லெஸ்ஸா, டிஜிகாமா’ன்னு வீடியோவா போட்டுடுறேன். சார் எந்தப் படத்தைச் சொல்றாரோ அந்தக் கேமரா ஜெயிச்சது. உன்னுது ஜெயிச்சா நீயே வச்சுக்க. தோத்தா சினேகாவுக்கு.”

ஜீவரத்தினம் சார் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் பேச்சுக்கு ஓய்வு இல்லை. குடியிருப்போர் நலச் சங்கம் அவருக்கு ‘ஆசிரியச் செம்மல்’ பட்டம் கொடுக்கப் போகிறது. சங்கத்தின் தலைவர் யார் என்றால் அவர்தான். பத்துக்கு எட்டு அடி பேனருக்கு ஒரு படம் வேண்டும் என்று, பிரிட்டோவின் கேமராப் பையை மாதா கோயிலில் பார்த்த அன்றே சொல்லிவைத்திருந்தார்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வந்தார். தலைமுடிக்கு அடித்த மை இன்னும் காயாத கறுப்பு. “தோத்திரம் அமலராணி! வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமே? சுவர்தான் குடும்பத்தோட முகம். பிரிட்டோ, பேனர் வாசகம் நானே எழுதிட்டேன், படிக்கிறேன் கேளு. ‘ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி அறிந்த பெருந்தகையே!’ எப்படி?”

“சூப்பர் சார்,” என்றான் பிரிட்டோ. ஜெரூஷா கேமராவின் ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

சார் அவளைப் பார்த்து, “பாப்பா பேர் என்ன?” என்றார்.

சொன்னாள். மின்விசிறி விழுங்கியது. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பிரிட்டோ மின்விசிறியை நிறுத்தினான். வீடியோவில் சத்தம் சேரக் கூடாதாம். “ஹாய் மக்களே,” என்று தொடங்கிப் பத்து நிமிஷம் தன் கேமராவின் பெருமையைச் சொன்னான். சாருக்கு வியர்த்து, கிருதாவிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கன்னத்தில் இறங்கியது. பிறகு படம் எடுக்க ஆரம்பித்தான். பட்டாசுக் கட்டு வெடிப்பதுபோல் ஒரே அமுக்கில் இருபது படம்.

பார்த்தால் சார் மங்கலாக இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் துல்லியமாக இருந்தார்.

“ஏஐ சார்,” என்றான் பிரிட்டோ. “முகத்தைத் தானா கண்டுபிடிச்சு ஃபோகஸ் பண்ணும்.”

“அதுக்காவது பக்தி இருக்கே,” என்றாள் அம்மா, டீயை வைத்துக்கொண்டே.

ஆண்டவரைச் சற்று நேரம் உள்ளறைக்கு எடுத்துப்போய் வைத்தார்கள். இப்போது கேமராவுக்கு வேறு வழியில்லை. சாரையே பிடித்தது. மிகவும் நன்றாகப் பிடித்தது. கன்னத்தில் இறங்கிய மைக்கோடு, காலையில் சவரம் தப்பிய நான்கு முடி, மூக்குத் தோலின் ஒவ்வொரு துளையும் தனித்தனியாகத் தெரிந்தன.

சார் திரையைப் பார்த்தார். “யாரு இந்தக் கிழவன்?”

“எடிட்ல சரி பண்ணிடலாம் சார். முதல்ல போனுக்கு மாத்திடுறேன்.” போனுக்கு மாற்ற ஒரு ஆப் வேண்டும். அந்த ஆப்புக்கு ஒரு அப்டேட் வேண்டும். அப்டேட்டுக்கு நெட் வேண்டும். பிரிட்டோ சிக்னல் தேடி மாடிப்படிக்குப் போனான்.

ஜெரூஷாவின் முறை. அவளுக்கு அந்த அரை நொடி தெரியும். மனிதர்கள் பேசும்போது அமுக்கினால், மூச்சு வாங்க வாயை மூடும்போது படம் விழும். சார் பேனருக்கு எந்த மூலையில் எத்தனை கம்பு நட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் அமுக்கினாள். ஒரே படம்.

பத்து மெகாபிக்சல் பாவம், சுருக்கத்தையெல்லாம் எண்ண அதற்குத் தெரியாது. மைக்கோடு நிழலோடு கலந்துபோயிருந்தது. வாய் மூடிய ஜீவரத்தினத்தை அந்த வீட்டில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. சாந்தமான, நல்ல மனிதர் ஒருவர் அதில் இருந்தார்.

“இதுதான் நான்!” என்றார் சார். கேமராவைக் கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். “அமலராணி, பாரு. அச்சு அசல்.”

ஜெரூஷா ஜெயித்துவிட்டாள்.

மாடிப்படியிலிருந்து ஓடிவந்த பிரிட்டோ, “சார், அது பத்து மெகாபிக்சல். இது இருபத்திநாலு,” என்றான். “பத்துக்கு எட்டு பேனர்ல அதைப் போட்டா முகம் பூந்தி பூந்தியா உதிரும்.”

உண்மையில் பேனருக்கு இரண்டும் ஒன்றுதான். பேனரைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பார்ப்பதில்லை. ஆனால் சார் யோசித்தார். ஒரு பக்கம் கண்ணால் கண்ட முகம். இன்னொரு பக்கம் எண்.

“இருபத்திநாலுன்னா இருபத்திநாலுதான்,” என்றார் கடைசியில். “பெரிய விழா. பெரிய கேமராவே இருக்கட்டும். எடிட்ல கொஞ்சம் சிரிக்க வச்சிடு.”

சிவப்புச் சுழி விழுந்த அதே சத்தமில்லாத சத்தம் ஜெரூஷாவுக்குக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து சினேகா வந்தாள். காதில் இரண்டு மூன்று கம்மல், தோளில் துணிப்பை. “அண்ணா, டிஜிகாம் எங்க?” என்று சார் கையிலிருந்தே அதை வாங்கினாள். “ஐயோ க்யூட்! ரப்பர் பேண்டும் சேர்த்துத் தருவீங்களா?” அம்புக்குறியை அமுக்கினாள். கடைசிப் படத்துக்கு அடுத்து அமுக்கினால் அந்தக் கேமரா சுற்றிக்கொண்டு முதல் படத்துக்குப் போகும்.

“டேட் வருது! செமயா இருக்கு. இது யாரு, கண்ணு ரெண்டும் சிவப்பா...” திரையையும் எதிரே இருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அங்கிள், நீங்கதானே இது? கையில நோட்டு, பின்னாடி போர்டு. பத்து, பத்து, இருபத்திரெண்டு. அடுத்தது பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு. பதினாலு. அஞ்சு நாளும் அதே நோட்டு, அதே கோபம்! சீரிஸ் மாதிரி இருக்கு அங்கிள்.”

சார் எட்டிப் பார்த்தார். ஐந்து படத்திலும் அவர் வாய் திறந்திருந்தது. மூலையில் ஆரஞ்சுத் தேதி பளிச்சென்று எரிந்தது.

அம்மா டீத் தம்ளரைக் கீழே வைத்தாள். “சினேகா, அந்தத் தேதியெல்லாம் இன்னொரு தடவை படிம்மா.”

சினேகா படித்தாள். அம்மா உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. சான்றிதழ்களோடு மடித்து வைத்திருந்த ஒரு தாளைக் கொண்டுவந்து, மேசைமேல் பேனர் வாசகத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். ஒன்றில் ‘பெயர் சொல்லி அறிந்த பெருந்தகையே’. இன்னொன்றில் ‘தொடர்ந்து ஐந்து நாள்கள் வரவில்லை’. இரண்டும் ஒரே கையெழுத்து.

“இதை... யார் எடுத்தது?” என்றார் சார்.

மின்விசிறி ஓடவில்லை. பிரிட்டோவும் பேசவில்லை.

“நான்தான் சார். ஜெரூஷா.”

அதே முணுமுணுப்புதான். ஆனால் வாசலில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அம்மா சினேகாவின் கையிலிருந்து கேமராவை மெதுவாக வாங்கி மகள் கையில் வைத்தாள். “இது விக்கிறது இல்லம்மா. கோவிச்சுக்காத.” பிரிட்டோ அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் லென்சுக்கு மூடி போடுவதில் மும்முரமானான்.

ஜீவரத்தினம் சார் ஒரு வீட்டை விட்டுக் கிளம்புவது சாதாரணமாக அரை மணி நேரக் காரியம். நாற்காலியிலிருந்து எழுந்ததும் ஒரு செபம், நிலைப்படியில் ஒரு அறிவுரை, செருப்பு மாட்டும்போது ஒரு நினைவு, கேட்டைப் பிடித்தபடி இன்னும் இரண்டு. இன்று எழுந்தார். பேனர் வாசகத்தை மட்டும் எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கடிதத்தை எடுக்கவில்லை. ஒரு கணம் ஜெரூஷாவின் முன்னால் நின்று அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பிறகு செருப்பில் காலை நுழைத்து, கேட்டைத் திறந்து, திரும்பச் சாத்தக்கூடச் செய்யாமல், ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஏரிக்கரைத் தெருவில் நடந்து போனார்.