நீலப் பொட்டு

கடிதம் வந்தபோது சலவைக்கடைக்காரம்மா விடுதிக்குப் போகவேண்டிய படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்றில் நின்ற எண்ணிக்கை அன்று முழுக்க அறுபத்து நாலுக்கு நகரவில்லை. தொழிலாளர் அலுவலகத்து முத்திரை. மேற்பார்வை வேலை கொடுத்ததில் பாரபட்சம் என்று புகார். புகார் கொடுத்தவள் ஆவிக்காரி.

பதினாறு வருஷமாக நீராவி இஸ்திரி மேடையில் நின்றவளுக்குக் கடையே சேர்ந்து வைத்த பெயர் அது. யாராவது கூப்பிட்டால் வெள்ளைப் புகைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டி, "கூப்பிட்டது இருக்கறவங்களா, செத்தவங்களா?" என்பாள். அலுத்துப்போகாத வேடிக்கை. கடைக்காரம்மாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பாள்.

பழைய மேற்பார்வைக்காரர் ஓய்வு பெற்றதும் கடைக்காரம்மா அந்த இடத்தை மூட்டை கட்டுகிறவனுக்குக் கொடுத்தாள். வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது அவனுக்கு. விரிப்பை மடிக்கக் கற்றுக்கொடுத்ததே ஆவிக்காரி. அன்று சாயங்காலம் அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எனக்கு ஏங்க்கா இல்ல?"

"நீ பட்டதெல்லாம் போதாதா? அஞ்சு வருஷம் படுக்கையில கிடந்த புருஷன தூக்கித் தூக்கி உன் இடுப்பே போச்சு. அவரும் போயிட்டாரு. இனிமேலாவது நிம்மதியா இருடி."

"நிம்மதியா? யாரோட?"

அடுத்த வாரம் ஆவிக்காரி வேலைக்கு வரவில்லை. நாற்பது நாள் கழித்துக் கடிதம்தான் வந்தது.

"சோறு போட்ட கையையே கடிச்சுட்டா பாத்தியா!" என்று குதித்தான் கணக்குப் பார்க்கும் தம்பி. கடைக்காரம்மா குதிக்கவில்லை. மூடவேண்டி வந்தால்? பன்னிரண்டு பேர் பிழைக்கிற கடை. அதைவிட, ஒரு வார்த்தை நேரில் வந்து திட்டியிருக்கலாமே, ஊரான் கையில் காகிதம் கொடுத்தனுப்பும்படி ஆகிவிட்டோமா என்பது ஒரு பக்கம் குடைந்தது.

கடைத் தரப்பில் பேச அமர்த்திய வக்கீலம்மா கடையைப் பார்க்க வந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கண் ஊசி. சுவரில் ஆணிகளில் தொங்கும் பெயர் அட்டைகளுக்கு முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை.

"இந்த நீலப் பொட்டு என்னம்மா?"

கடைக்காரம்மாவின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. அது அவளாகக் கொண்டுவந்த வழக்கம். யார் வீட்டிலாவது கஷ்டம் என்று தெரிந்தால், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தில் சுண்டுவிரலை முக்கி, அவர்கள் அட்டையில் ஒரு பொட்டு வைப்பாள். பொட்டு வைத்தவர்களைக் கனமான வேலைக்கு விடக்கூடாது, நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். இப்படி ஒரு முதலாளி எங்கே கிடைப்பாள் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்!

வக்கீலம்மா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "பொம்பளைங்க ஏழு பேர். ஆறு பேருக்குப் பொட்டு. ஆம்பளைங்க அஞ்சு பேர். ஒருத்தருக்கும் இல்லையே? அவங்க வீட்டுல கஷ்டமே வராதா?"

மூட்டையோடு போய்க்கொண்டிருந்த வண்டி ஓட்டுகிறவர் நின்றார். "என் பொண்டாட்டி ஆறு மாசம் எழுந்திரிக்காம கிடந்தா. அப்ப எனக்கு ரெண்டு நடை கூடப் போட்டீங்க, அக்கா."

"நீதானப்பா செலவு இருக்கு, கூட வேலை குடுங்கன்னே?"

"சொன்னேன். என்ன வேணும்னு நீங்க கேட்டீங்க, சொன்னேன்." அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

வக்கீலம்மா மெல்லக் கேட்டாள். "மேற்பார்வைக்கு யார் யாரை மனசுல வெச்சிருந்தீங்க?"

"பொட்டு இல்லாதவங்கள..." என்று ஆரம்பித்த கடைக்காரம்மா பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

வக்கீலம்மா திட்டவில்லை. காலியான வேலையை எல்லோருக்கும் தெரியச் சொல்லியிருக்க வேண்டும், விருப்பமா என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்க வேண்டும், ஒரே கேள்விகளைக் கேட்டு, ஏன் இவர் என்பதை எழுதிவைத்திருக்க வேண்டும் என்றாள். "இரக்கப்பட்டுத்தான் செஞ்சீங்க. ஆனா அவங்களுக்குப் பதிலா நீங்களே முடிவு பண்ணிட்டீங்களேம்மா."

அவள் போனதும் தம்பி கதவைச் சாத்தினான். "அக்கா, நான் சொல்றத கேளு. அவ வேலை சரியில்லன்னு மூணு கடுதாசி, பழைய தேதி போட்டு எழுதிடுவோம். துணிய கருக்கினான்னு எழுது. யாரு வந்து பாத்தா?"

காகிதத்தையும் பேனாவையும் அவனே எடுத்து முன்னால் வைத்தான். பன்னிரண்டு குடும்பத்தை நினைத்துக்கொண்டு அவள் பேனாவைத் தொட்டாள். 'துணியைக் கருக்கியதால்' என்று எழுதினாள். அப்போதுதான் தீய்ந்த துணியின் வாசனை நினைவுக்கு வந்தது. பதினாறு வருஷத்தில் ஆவிக்காரி கருக்கியது ஒரே ஒரு தலையணை உறை. புருஷன் போய்விட்டான் என்று போன் வந்த நிமிஷத்தில், அதைச் சொல்லப் போய் அவள் கையைப் பிடித்தது கடைக்காரம்மாவேதான். இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்க, உறை தீய்ந்தது.

காகிதத்தைக் கிழித்தாள். எழுந்து போய் ஆவிக்காரியின் அட்டையை ஆணியிலிருந்து கழற்றினாள். அந்த மனுஷன் போய்ப் பதினோரு மாதம். பொட்டு அப்படியே இருந்தது.

தொழிலாளர் அலுவலகத்துச் சமரசப் பேச்சு அறையில் நீளமான மேஜை. எதிரே ஆவிக்காரி, புகை இல்லாமல் பார்க்கையில் இத்தனை மெலிந்தவளா என்று இருந்தது. நடுவர் ஆரம்பிக்குமுன் கடைக்காரம்மா பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தம்பி மேஜைக்கடியில் காலை மிதித்தான்.

"இவ வேலையில ஒரு குறையும் இல்லைங்க. நாந்தான் இவள ஒரு வார்த்தை கேக்கல."

ஆவிக்காரி அட்டையையே பார்த்தாள். "இந்தப் பொட்ட எத்தனை தரம் நகத்தால சுரண்டியிருக்கேன் தெரியுமாக்கா? போகவே மாட்டேன்னுடுச்சு. வீட்டுல நாலு சுவர்தான். கடையிலயாவது நாலு பேர் என்னக் கேட்டு நடப்பாங்கன்னு நெனச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"வந்து கேட்டேனே, அக்கா."

நஷ்டஈடு முடிவாயிற்று. அந்த வேலையையும் கொடுக்கத் தயார் என்றாள் கடைக்காரம்மா. மூட்டைக்காரனுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொன்னாள்.

ஆவிக்காரி தலையை ஆட்டினாள். "இப்ப வந்தா, அதுவும் நீங்க வெச்ச பொட்டுதான்." அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசலில் ஒரு கணம் திரும்பினாள். "ராத்திரி தூக்கமாத்திரை போட மறக்காதீங்க, இனி ஞாபகப்படுத்த நான் இல்ல. நீங்க தூங்கலைன்னா கடையே தூங்காது."

இஸ்திரி மேடைக்கு ஆள் எடுக்க வேண்டியிருந்தது. வக்கீலம்மா எழுதிக்கொடுத்த ஐந்து கேள்விகளைக் கண்ணாடி போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள் கடைக்காரம்மா. எதிரே உட்கார்ந்த பெண் தானாகவே சொன்னாள்: "கைக்குழந்தை இருக்குங்க. பரவாயில்லையா?"

ஐயோ பாவம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். "நீராவி இஸ்திரி எத்தனை வருஷம் போட்டிருக்கே?"

"நாலு வருஷம்."

எழுதிக்கொண்டாள். வேலை தெரிந்தவளா என்று பார்க்க ஒரே ஒருத்திக்குத்தான் சரியான கண் உண்டு. பழக்கதோஷத்தில் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்துவிட்டாள்.

"ஆவிக்காரி, இங்க வந்து பாரேன்!"

உள்ளே ஆளில்லாத மேடையில் புகை எழும்பிற்று. இருக்கறவங்களா, செத்தவங்களா என்று கேட்க ஒரு முகம் நீளும் என்று கடைக்காரம்மா காத்திருந்தாள்.