மற்றும் பலருக்குப் பல்வலி

பல் டாக்டரின் கிளினிக்கில், சுவர்த் திரையில் தெரியும் டிரம்பெட்காரருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையானது அந்தத் திரையை மாட்டிய நாலாம் வருடம். அவர் ஒரு பழைய பாட்டு ஆல்பத்தின் அட்டைப்படத்தில் இருப்பவர். டாக்டரின் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாட்டுகளைக் கணினியில் சேர்த்து வைப்பவர். ஒவ்வொன்றுக்கும் அட்டைப்படம் தேடி ஒட்டி, பாடியவர், வாசித்தவர், வருடம் என்று தட்டி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். "பாட்டைக் கேக்குறதை விட அதுக்குப் பேரு எழுதுறதுலதான் உங்க ஆயுசு போகுது" என்று டாக்டர் சலித்துக்கொள்வார். அந்த உழைப்பு யாருக்காவது உதவட்டும் என்றுதான் காத்திருக்கும் அறையில் திரையை மாட்டினார். பாட்டோடு படமும் விவரமும் ஓட, வந்தவர்கள் அதை வாசித்தபடி உள்ளே கேட்கும் டிரில் சத்தத்தை மறந்துபோனார்கள்.

ஒரு திங்கட்கிழமை டிரம்பெட்காரரின் பாட்டில் டிரம்பெட் மட்டும் கேட்கவில்லை. மறுநாள் இன்னொன்றில் புல்லாங்குழல் நின்றது, அதற்கடுத்து வேறொன்றில் கோரஸ். கணவர் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பதிவேற்றிப் பார்த்துவிட்டு, எழவு வீட்டுக்காரர்போல் காத்திருக்கும் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டருக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே வந்தவர், தற்செயலாகத் திரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஊதினா ரெண்டு கன்னமும்ல உப்பணும்? இவருக்கு இடது பக்கம் மட்டும் உப்பியிருக்கு. இது வீக்கங்க."

"போட்டோவுல எப்படிம்மா வீங்கும்?" என்றார் கணவர்.

"கன்னத்தைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

வரவேற்பில் இருந்த அக்காவிடம் டிரம்பெட்காரரை உள்ளே அனுப்பச் சொன்னார். பெயர் வேண்டுமே? திரையில் பாடகர் பெயருக்குப் பின்னால் 'மற்றும் பலர்' என்றுதான் இருந்தது. அக்கா எல்லோரையும் கூப்பிடும் அதே குரலில், "மற்றும் பலர், உள்ள வாங்க!" என்றார். டிரம்பெட்காரர் கன்னத்தைப் பிடித்தபடி, பத்திரிகைகள் கிடந்த மேசையில் கால்வைத்து இறங்கினார். அவரோடு முடியவில்லை. புல்லாங்குழல்காரர், இரண்டு டிரம்காரர்கள், ஏதோ அட்டையின் மூலையில் மங்கலாகக் கிடந்த கோரஸ் பெண்கள் மூவர் என வரிசையாக இறங்கினார்கள். காலமெல்லாம் அந்தப் பெயரில்தானே அவர்களும் இருந்தார்கள். பெஞ்சில் இடம் போதவில்லை. பல் அடைக்க வந்திருந்த ஒரு லாரி டிரைவர் எழுந்து கோரஸ் பெண்களுக்கு இடம் கொடுத்தார்.

பாடுவதற்கும் ஊதுவதற்கும் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்டதில்லை போலும், அவ்வளவு சொத்தை. டிரம்பெட்காரர் நாற்காலியில் சாய மறுத்தார்.

"பல்லை எடுத்துட்டா காத்து போயிடுமே டாக்டர்? ஊதுறதை விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"ஊதுறதுக்கு முன்பல்லும் உதடும் போதும். நான் பொறுப்பு, ஆ காட்டுங்க."

கணவர் மடிக்கணினியோடு வாசலில் நின்று, வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு உரிய பாட்டின் விவரத்தில் சேர்த்தார். கோரஸ் பெண்களில் ஒருத்தி இனிஷியலை மறக்க வேண்டாம் என்றாள். டிரம்பெட்காரருக்கு வாய் மரத்திருந்ததால், சொன்னது 'ஹொவ்வாலு' என்று கேட்டது. கணவர் அப்படியே தட்டினார். சாயங்காலம் எல்லோரும் திரும்பத் திரையில் ஏறிக்கொண்டார்கள். இனிஷியல் கேட்டவள் மட்டும் காற்று நன்றாக வருகிறது என்று கடல் படம் போட்ட வேறொரு அட்டையில் தங்கிவிட்டாள். பாட்டுகளில் எல்லாச் சத்தங்களும் திரும்பின. டிரம்பெட்டில் மட்டும் இடையிடையே மெல்லிய விசில் சேர்ந்திருந்தது. கணவர் அதற்காகவே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார், சாப்பாட்டையும் சூடாகச் சாப்பிட்டார்.

அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்ய வருகிறார்கள், மற்றவர்கள் நகர்ந்து இடம் விடுகிறார்கள். முதல்முறை வந்தபோதே கணவர் டிரம்பெட்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, சரியான பெயரைச் சொல்லச் சொன்னார். அவர் திரையில் தன் படத்துக்குக் கீழே இருந்ததை வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

"இருக்கட்டும் சார். நல்லாத்தான் இருக்கு."

இப்போது வரவேற்பில் ஹொவ்வாலு என்று கூப்பிட்டால் எழுந்து போகிறார்.